சினிமாவில் பார்த்த அறிவியல்: எது நிஜம், எது ரீல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் பார்த்துவிட்டு வந்தவர்களும், வாட்ஸ்அப்பில் ஏதோ வந்து விழுந்ததைப் பார்த்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரிய வரிசை எதுவும் கிடையாது, வேண்டியதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். படங்களைக் கிழித்துத் தொங்கவிடுவது நோக்கமில்லை, நானும் முதல் நாள் டிக்கெட்டுக்கு அலைகிற ஆள்தான்.

படம்தானே, அதில் போய் லாஜிக் பார்க்கலாமா?

பெரும்பாலும் பார்க்க வேண்டாம். விண்வெளியில் கலம் வெடிக்கும்போது தியேட்டரே அதிர்கிறது. வெற்றிடத்தில் ஒலி போக வழியில்லை, அங்கே ஒரு சத்தமும் கேட்காது. ஆனால் அதை நம்பி நீங்கள் வீடு திரும்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? கருந்துளைக்குள் நாம் யாரும் விழப் போவதில்லை. பாம்பு கடிக்கலாம், பக்கத்து வீட்டுப் பெரியவர் திடீரென்று மயங்கி விழலாம், வீட்டில் ஒருவருக்கு மனநிலை பாதிக்கலாம். அந்தப் பதற்றத்தில் எட்டாம் வகுப்புப் பாடம் ஞாபகத்துக்கு வராது, எப்போதோ பார்த்த காட்சிதான் வரும். அதனால் ராக்கெட், வேற்றுக்கிரகம் விஷயத்தில் எவ்வளவு காதில் பூ சுற்றினாலும் நான் கண்டுகொள்வதில்லை. வீட்டு வாசலில் நடக்கக்கூடிய விஷயத்தில் சுற்றினால் கோபம் வருகிறது. கீழே முதலில் வருபவை அந்த ரகம்.

பாம்பு கடித்த இடத்தைக் கீறி, வாய் வைத்து உறிஞ்சித் துப்பினால் விஷம் இறங்குமா?

இறங்காது. ஹீரோயின் காலில் பாம்பு கடிப்பதும், ஹீரோ குனிந்து உறிஞ்சுவதும், அடுத்த காட்சியில் டூயட் தொடங்குவதும் நம் சினிமாவில் பல காலமாக இருக்கிற ஏற்பாடு. நிஜத்தில் விஷம் உள்ளே போன கையோடு திசுக்களில் பரவத் தொடங்கிவிடுகிறது, வாயால் உறிஞ்சி எடுக்கிற அளவு கணக்கிலேயே வராது. கீறினால் காயம்தான் மிச்சம். கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்திருந்தால் ரத்தம் உறையும் தன்மையே குறைந்துபோகும், அந்த நேரத்தில் பிளேடால் கீறி வைத்தால் ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். துண்டை எடுத்து இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், ரத்த ஓட்டம் நின்று கையையோ காலையோ இழக்க நேரலாம்.

சரி, என்ன செய்வது? கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். கடித்த கை அல்லது காலை, எலும்பு முறிந்தால் மட்டை வைப்போமே அப்படி வைத்து, அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற வராது. 108க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்து அரைமணி நேரத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. தேவையில்லை. இந்தியாவில் கொடுக்கப்படும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. பாம்பின் விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து இதைத் தயாரிக்கிறார்கள். அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கடித்தவுடன் வாயில் நுரை தள்ளும் என்பதும் சினிமா சொல்லிக் கொடுத்ததுதான். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியே இருக்காது, பல் பட்ட அடையாளம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், கண் இமை தானாகச் சரியும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சுவிட முடியாமல் போகும். வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் போச்சு.

"எங்க ஊர்ல ஒருத்தர் பச்சிலை வெச்சே காப்பாத்துவார்" என்று சொல்வீர்கள். காரணம் இருக்கிறது: நம்மைச் சுற்றி இருக்கிற பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்கிற விஷமே கிடையாது, விஷப் பாம்பும் சில சமயம் விஷம் செலுத்தாமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். பிழைக்கப் போகிறவருக்கு எந்தப் பச்சிலை வைத்தாலும் பிழைப்பார். 2000 முதல் 2019 வரையிலான கணக்கை வைத்துப் பார்த்தால் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை நினைத்தால்தான் இந்தக் காட்சி இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது.

கைக்குட்டையில் மயக்க மருந்தைத் தொட்டு மூக்கில் வைத்தால் ஆள் உடனே சாய்ந்துவிடுவாரா?

மாட்டார். குளோரோஃபார்மை ஒருவர் சில நிமிடங்களாவது தொடர்ந்து சுவாசிக்க வேண்டும், அதுவரை அவர் சும்மா நிற்கவும் மாட்டார். அளவு கொஞ்சம் தப்பினால் மயக்கம் மரணமாகிவிடும், அதனால்தான் அறுவை சிகிச்சையில் அதைக் கைவிட்டே வெகுகாலம் ஆகிறது.

மானிட்டரில் நேர்கோடு வந்ததும் டாக்டர் ஷாக் கொடுத்து உயிரை மீட்பது?

எனக்குத் தெரிந்து உலகம் முழுக்க எல்லா மொழிச் சினிமாவும் ஒற்றுமையாகச் செய்கிற தப்பு இது ஒன்றுதான் இருக்கும். அந்த மின் அதிர்ச்சி, தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கிற இதயத்தை ஒரு கணம் நிறுத்தி, ஒழுங்கான துடிப்புக்குத் திரும்ப வாய்ப்புக் கொடுப்பதற்காக. நேர்கோடு என்றால் அங்கே துடிப்பே இல்லை, சரிசெய்ய எதுவும் இல்லை. அப்போது மார்பை அழுத்துவதும் அட்ரினலின் ஊசியும்தான். ஆனால் படத்தில் துள்ளிக் குதிக்கிற கோடு வந்தால் ஆள் பிழைத்திருக்கிறார் என்றும், நேர்கோடு என்றால் இறந்துவிட்டார் என்றும் பார்வையாளருக்குப் பழகிவிட்டது, அதை மாற்றினால் யாருக்கும் புரியாது.

நமக்குத் தேவையானது வேறு. ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் 108க்கு ஒருவரை அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து வேகமாகவும் ஆழமாகவும் அழுத்தத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கதாநாயகன் நெஞ்சில் ஓங்கிக் குத்திக்கொண்டே "எழுந்திரு" என்று அழுவது எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடையாது.

தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோனவருக்கு மறுபடி அடித்தால் நினைவு திரும்புமா?

இன்னொரு மூளைக்காயம்தான் வரும். தன் பெயர், அம்மா, காதலி எல்லாம் மறந்து, ஆனால் பேச, பாட, பைக் ஓட்ட மட்டும் மறக்காத அந்த நோயாளியும் நிஜத்தில் மிக அபூர்வம். அடிபட்டவர்களுக்குச் சாதாரணமாக வருவது, அடிபட்ட நேரத்தைச் சுற்றி நடந்தது ஞாபகமில்லாமல் போவதும், புதிதாகக் கேட்டது மனதில் நிற்காமல் போவதும்தான்.

செல்போன் டவரால்தான் சிட்டுக்குருவி அழிந்தது என்று '2.0'வில் காட்டினார்களே?

2018இல் அந்தப் படம் வருவதற்கு முன்பே ஊரெல்லாம் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது, படம் அதற்கு முத்திரை குத்தியது. வெளியாகும் நேரத்தில் செல்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியம் வரை போய் ஆட்சேபித்தது. அவர்கள் வியாபாரத்துக்காகப் பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடலாம்தான். பறவைகளைக் கணக்கெடுக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

2020இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த தகவல்களை வைத்துத் தயாரித்தது. அதன்படி சிட்டுக்குருவிகளின் எண்ணிக்கை மொத்த இந்தியாவில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் குறைந்திருக்கிறது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள்: பிரிட்டனில் சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970களின் கடைசியில், அங்கே செல்பேசிச் சேவை வந்ததோ 1985இல்.

அப்படியானால் நகரத்தில் ஏன் இல்லை? ஓட்டு வீட்டில் உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருந்தது, போட்டோ சட்டத்துக்குப் பின்னால் கூடு கட்டிக்கொண்டது. கான்கிரீட் பெட்டி வீட்டில் அதற்கு எங்கே இடம்? வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். தோட்டம் இல்லாத தெருவில், இருக்கிற தோட்டத்திலும் மருந்து அடிக்கிற ஊரில் பூச்சி எப்படி வரும்? மளிகைக் கடை வாசலில் சாக்கிலிருந்து சிந்திய அரிசியும் கம்பும் இப்போது பாக்கெட்டுக்குள் போய்விட்டன. நகரத்துக்கு நகரம் இதில் எது எவ்வளவு காரணம் என்பது மாறலாம். டவரைத் திட்டுவது சுலபம், ஏனென்றால் அது வேறு யாரோ கட்டியது. நம் வீட்டு மாடியையும் மூடிய பால்கனியையும் திட்ட யாருக்கும் மனம் வராது.

'அந்நியன்' மாதிரி ஒருவருக்குள் பல ஆட்கள் இருப்பதுதான் மனச்சிதைவா?

இரண்டும் வேறு. 2005இல் 'சந்திரமுகி'யும் 'அந்நியன்'னும் ஒரே ஆண்டில் வந்தன, அன்றிலிருந்து யாராவது கொஞ்சம் கோபப்பட்டால் "உள்ளே இருந்த சந்திரமுகி வெளியே வந்துட்டா" என்று கேலி செய்வது பழக்கமாகிவிட்டது. ஆளுமைகள் பிளவுபடுகிற நிலை என்று ஒன்று மருத்துவத்தில் உண்டு. அபூர்வமானது, பெரும்பாலும் சிறுவயதில் பட்ட கடுமையான கொடுமைகளோடு தொடர்புள்ளது. கட்டிலைத் தூக்குகிற பலமோ, தெரியாத மொழியில் சரளமாகப் பேசுகிற திறமையோ அதனால் வந்துவிடாது.

மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியாவில் வருவது இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, ஒன்றிலும் நாட்டமில்லாமல் ஒதுங்கிப் போவது போன்றவை. உங்கள் தெருவிலேயே ஒருவருக்கு இருக்கலாம். அவர்கள் கொலைகாரர்கள் ஆவதாகப் படங்கள் காட்டுகின்றன, உண்மையில் மற்றவர்களிடம் அடி வாங்குகிறவர்களாகவே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். மாத்திரை உண்டு, தொடர்ந்து சாப்பிட்டால் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் ஏராளம். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இதற்காகவே இயங்குகிறது. யாரிடம் கேட்பது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழிலும் பேசலாம். படத்தில் பூஜை போட்டுக் குணப்படுத்துகிற காட்சி பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பிக் கோயில் கோயிலாகச் சங்கிலி போட்டுக் கூட்டிக்கொண்டு அலைந்த குடும்பங்கள் இழந்த வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

முன்னோரின் அறிவு டிஎன்ஏ வழியாக நமக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறதா?

'ஏழாம் அறிவு' 2011இல் வந்தது, சுமார் 1,500 வருடத்துக்கு முன் வாழ்ந்த போதிதர்மரின் வம்சத்தில் வந்தவரின் டிஎன்ஏவைத் தூண்டிப் பழைய திறமையை வரவழைப்பது கதை. படத்தில் சீனாவிலிருந்து நோய் பரப்புகிற சதியும் வருவதால், 2020இல் கொரோனா வந்தபோது "அன்றே சொன்னார்கள்" என்று மறுபடி ஒரு சுற்று வந்தது.

டிஎன்ஏவில் இருப்பது உடம்பைக் கட்டுவதற்கும் நடத்துவதற்கும் வேண்டிய குறிப்புகள். ஒருவர் கற்றுக்கொண்ட மருத்துவமும் சண்டையும் அவர் மூளையில் நரம்பு இணைப்புகளாகப் பதிந்திருக்கும், அது விந்தணுவுக்கோ கருமுட்டைக்கோ போய்ச் சேர வழியில்லை. போகிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் கணக்கு உதைக்கிறது. தலைமுறைக்கு 25 வருடம் என்றால் 1,500 வருடத்தில் 60 தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து. பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 முன்னோர் இருப்பார்கள். டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் கைமாறும் என்பதால், அந்தத் தூரத்திலேயே அவர்களில் பலருடைய துண்டு ஒன்றுகூட உங்களிடம் இருக்காது. அறுபதாவது தலைமுறையில் குறிப்பிட்ட ஒருவருடையது உங்களிடம் இருப்பதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். அதோடு, அவ்வளவு தூரம் போனால் ஊரில் பாதிப் பேருக்கு அவரே முப்பாட்டனாராக இருப்பார், ஒருவரை மட்டும் வாரிசு என்று பிடிக்க முடியாது.

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?

முழுவதையும் பயன்படுத்துகிறோம். 2014இல் 'லூசி' என்ற படம் இதையே கதையாக வைத்து ஓடியது. மூளை நம் எடையில் சுமார் 2 சதவீதம், ஆனால் சாப்பிடுகிற சக்தியில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி 90 சதவீதம் சும்மா இருக்கிறது என்றால் பக்கவாதத்தில் ஒரு சின்ன இடம் பாதித்தாலும் பேச்சே போவது எப்படி? மூளைத் திறனைக் கூட்டுகிறோம் என்று பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டிப் படிக்கச் சொல்லித் தருகிற வகுப்புகளுக்கு இந்தப் பத்து சதவீதம்தான் மூலதனம். பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

'ஜுராசிக் பார்க்' மாதிரி டைனோசரை மறுபடி கொண்டுவர முடியுமா?

டிஎன்ஏ அவ்வளவு காலம் தாங்காது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கணக்குச் சொன்னார்கள், அந்தச் சூழலில் டிஎன்ஏவின் பிணைப்புகளில் பாதி 521 வருடங்களில் உடைந்துவிடுகிறது என்று. நல்ல குளிரில் இன்னும் நீடிக்கும். 2022இல் அறிவிக்கப்பட்டபடி, கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏ சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழசு. டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. படத்தில் டைனோசர் ரத்தம் குடித்ததாகக் காட்டுகிற, பிசினுக்குள் மாட்டிய கொசு அழகாக இருக்கும், அதன் வயிற்றில் உருப்படியாக எதுவும் மிஞ்சியிருக்காது.

படத்தில் சமையலறைக்குள் பிள்ளைகளைத் துரத்துகிற வெலோசிராப்டர் நிஜத்தில் வான்கோழி அளவுதான், இறகும் உண்டு. முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த மேடுகளை 2007இல் கண்டுபிடித்தார்கள். படத்தில் வருவது டெய்னோனிகஸ் என்ற அதன் பெரிய உறவினரை மாதிரியாக வைத்துச் செய்தது.

நம் பக்கமும் ஒரு கதை உண்டு. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று படத்தோடு சமூக வலைத்தளங்களில் பறந்தது. போய்ப் பார்த்தவர்கள் முட்டை இல்லை, அம்மோனைட் படிவுகள் என்றார்கள். அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட கடல் பிராணி. பெரம்பலூரில் கடல் பிராணியா என்றால், ஆமாம், டைனோசர் காலத்தில் அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் கடலுக்கு அடியில் இருந்தது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது, சுமார் 12 கோடி ஆண்டு வயது. டிக்கெட் வாங்கி ரப்பர் டைனோசர் பார்க்கப் போகிறவர்கள் ஒரு தடவை அங்கேயும் போய் வரலாம்.

'இன்டர்ஸ்டெல்லார்' கருந்துளை எவ்வளவு சரி?

ஆச்சரியப்படுகிற அளவுக்குச் சரி. இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகளை எழுதிக் கொடுக்க, கிராஃபிக்ஸ் குழு அதற்கென்றே மென்பொருள் எழுதியது, அந்த வேலையிலிருந்து 2015இல் ஆய்வுக் கட்டுரையே வெளியானது. தோர்னுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது, ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்ததற்காக, படத்துக்காக அல்ல. 2019 ஏப்ரல் 10 அன்று எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படம் வெளியானபோது பல பேர் "படத்துல பார்த்ததுதானே" என்றார்கள். ஒரு வித்தியாசம்: நிஜத்தில் கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டில் நம்மை நோக்கி வருகிற பக்கம் பளிச்சென்றும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் இருக்கும். படத்தில் அது பார்வையாளரைக் குழப்பும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

அந்தப் படத்தில் கருந்துளைக்குப் பக்கத்துக் கிரகத்தில் கழிகிற ஒரு மணி நேரம் பூமியில் ஏழு வருடமாகிறதே, காலப்பயணம் உண்மையா?

எதிர்காலத்தை நோக்கி, துளியூண்டு, உண்மைதான். பின்னோக்கிப் போக வழி தெரியவில்லை. வேகமாகப் போகிற கடிகாரம் மெதுவாக ஓடும், ஈர்ப்பு குறைந்த இடத்துக் கடிகாரம் வேகமாக ஓடும், இரண்டும் ஐன்ஸ்டைன் சொன்னது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் வேகத்தால் ஒரு நாளைக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும், ஈர்ப்புக் குறைவால் 45 மைக்ரோ விநாடி முந்தும். நிகரமாக 38. இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு மைக்ரோ விநாடியில் ஒளி 300 மீட்டர் போய்விடுகிறது, அப்படியானால் இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிழை சேரும். தாம்பரத்தில் நிற்கிற உங்களைத் தேடிக் கிண்டிக்குப் போய்விடுவார் பிரியாணி கொண்டு வருகிறவர்.

படங்கள் அறிவியலை மாற்றியதாக ஏதாவது உண்டா?

நிறைய, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ராக்கெட் கிளம்பும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று தலைகீழாக எண்ணுகிறோமே, அதைப் பிரபலப்படுத்தியது 1929இல் வந்த 'ஃப்ராவ் இம் மோண்ட்' என்ற ஜெர்மன் மௌனப் படம். இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங். ஒன்று, இரண்டு என்று ஏறுமுகமாக எண்ணினால் எப்போது கிளம்பும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது, பூஜ்யத்தை நோக்கி எண்ணினால் படபடப்பு கூடும் என்ற திரைக்கதைக் கணக்கு. அதன் அறிவியல் ஆலோசகர் ஹெர்மன் ஓபெர்த், ராக்கெட் இயலின் முன்னோடிகளில் ஒருவர். பதின்மூன்று வருடம் கழித்து, 1942 அக்டோபர் 3 அன்று வெற்றிகரமாகப் பறந்த ஜெர்மன் ராணுவத்தின் முதல் வி-2 ராக்கெட்டின் அடியில் அந்தப் படத்தின் சின்னத்தை வரைந்திருந்தார்கள். அப்புறம் அதே ராக்கெட் வகை லண்டன் மீது குண்டாக விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1983இல் 'வார்கேம்ஸ்' என்ற படம், ஒரு பையன் வீட்டுக் கணினியிலிருந்து ராணுவக் கணினிக்குள் நுழைந்துவிடுவது கதை. அதைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், இப்படி நிஜமாக நடக்குமா என்று தளபதியிடம் கேட்டார். விசாரித்துவிட்டு வந்த பதில், நிலைமை நீங்கள் நினைப்பதைவிட மோசம் என்பது. 1984இல் கணினிப் பாதுகாப்பு குறித்த அதிபரின் உத்தரவு வந்தது.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதி, 1976இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு 'என்டர்பிரைஸ்' என்று பெயர் வைக்க வைத்தார்கள். பாவம், அது சோதனைக்காகச் செய்தது, விண்வெளிக்குப் போகவே இல்லை. செல்போனும் அந்தத் தொடரிலிருந்துதான் வந்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று கைப்பேசியில் முதல் அழைப்பு விடுத்த மார்ட்டின் கூப்பர், தன்னைத் தூண்டியது 'டிக் ட்ரேசி' என்ற படக்கதையில் வரும் மணிக்கட்டு ரேடியோ என்று பிற்பாடு சொன்னார்.

சந்திரயான்-3க்குப் படத்தைவிடக் குறைந்த செலவுதான் என்கிறார்களே?

கணக்கு சரி. சந்திரயான்-3க்குச் சுமார் 615 கோடி ரூபாய், 'இன்டர்ஸ்டெல்லார்' படத்துக்கு 16.5 கோடி டாலர், அதாவது ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். ஆனால் இந்த ஒப்பீட்டில் பெருமையைவிட விவரம்தான் சுவாரசியம். நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த சந்திரயான்-2 சுற்றுக்கலத்தையே தகவல் தொடர்புக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அப்போலோ 11 நாலு நாளில் போனது. நம்மிடம் அவ்வளவு பெரிய ராக்கெட் இல்லாததால், பூமியைச் சுற்றிச் சுற்றிப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 2023 ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 23 அன்று, நாற்பது நாளில் இறங்கினோம். எரிபொருளுக்குப் பதில் பொறுமையைச் செலவழித்தார்கள். அன்று சாயங்காலம் இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள், திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். எந்த ஹீரோவுக்கும் கிடைக்காத ஓப்பனிங்.

"நாசா சொன்னது" என்று வருகிற ஃபார்வர்டுகளை எப்படிச் சோதிப்பது?

திருநள்ளாறு கோயில் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி ஸ்தம்பிக்கின்றன, நாசா அதிர்ச்சி, என்ற ஃபார்வர்டைத் தமிழ் தெரிந்த யாரும் தப்பித்திருக்க முடியாது. சனிப்பெயர்ச்சி வந்தால் இதுவும் வந்துவிடும். தாழ்ந்த பாதையில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. நிஜமாகவே நின்றால் மறுபடி ஓடாது, கீழே விழத் தொடங்கும். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, நாசாவில் யார் என்று மூன்றைக் கேளுங்கள், அந்தச் செய்தியில் ஒன்றுக்கும் பதில் இருக்காது. பக்திக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு என்பது தனிக் கேள்வி.

கிரகணத்தன்று மட்டும் உலக்கை தட்டில் நேராக நிற்பது எப்படி?

2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் தமிழ்நாட்டில் தெரிந்தபோது ஊர் ஊராக மஞ்சள் தண்ணீர்த் தட்டில் உலக்கையை நிறுத்திப் படம் எடுத்துப் போட்டார்கள். உலக்கையின் அடிப்பாகம் தட்டையாக, பூண் போட்டு இருக்கிறது. அதன் எடை மையத்திலிருந்து நேர்கீழே இறக்குகிற கோடு அந்த அடிப்பாகத்துக்குள் விழுந்தால் அது நிற்கும், அவ்வளவுதான். நிலவு குறுக்கே வந்தாலும் வராவிட்டாலும் சரி. சமதளமான தரையும் நடுங்காத கையும் இருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம்கூட நிறுத்திப் பார்க்கலாம், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் கால் விரல் நசுங்கும்.